கதாபாத்திர வகுப்புகளுக்கான தேடல் தரவுத்தளம்: எதை ஒரு வரிசையாகப் பதிவது?

மேசையில் பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டுகளின் வகுப்புகளை (கதாபாத்திரம் வீரனா, மந்திரவாதியா என்று தீர்மானிக்கும் பிரிவுகளை) தேடிப் பார்க்கும்படி ஒரு தரவுத்தளத்தில் தொகுக்க விரும்புபவர், மென்பொருளைத் திறப்பதற்கு முன்பு, ஆட்டக்காரர்கள் அதனிடம் கேட்கப்போகும் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். கனத்த கவசம் அணிந்தபடியே மந்திரம் போடக்கூடியவர்கள் யார்? குணப்படுத்தும் ஆற்றல் எந்தெந்த வகுப்புகளுக்கு உண்டு? துணைவகுப்பை (ஒரு வகுப்புக்குள் அடங்கும் சிறப்புப் பிரிவை) எந்த நிலையில் (கதாபாத்திரம் முன்னேறும் படியில்) தேர்ந்தெடுக்க வேண்டும்? இப்படிக் கேட்கப்படும் ஒவ்வொன்றுக்கும் ஒரு புலம், அதாவது அட்டவணையில் ஒரு நெடுவரிசை, தேவைப்படும். யாரும் கேட்காத விவரங்களுக்குத் தனிப் புலம் வேண்டியதில்லை, விளக்கப் பத்தியில் இருந்தால் போதும்.

அடுத்து வருவதுதான் உண்மையான சிக்கல். ஒரு வகுப்புக்கு ஒரு வரிசை (அட்டவணையின் ஒரு கிடைவரி) என்று அமைப்பது இயல்பாகத் தோன்றினாலும், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஒரே விளையாட்டின் வரலாறே அந்த அமைப்பை உடைத்துவிடும். 1974இல் வெளியான முதல் பதிப்பில் ஃபைட்டிங்-மேன் (வீரன்), மேஜிக்-யூசர் (மந்திரவாதி), கிளெரிக் (மதகுரு) என்ற மூன்று வகுப்புகளே இருந்தன. மேஜிக்-யூசர் 1989இன் இரண்டாம் பதிப்பில் மேஜ் ஆகி, 2000இன் மூன்றாம் பதிப்பில் விசார்ட் ஆனது. உயிர்ப்புள்ளிகளுக்கு (கதாபாத்திரம் எவ்வளவு அடி தாங்கும் என்ற அளவுக்கு) உருட்டும் பகடை 1974இல் எல்லோருக்கும் ஆறு முகம் கொண்டதாக இருந்தது, 2000இல் விசார்டுக்கு நான்கு முகம் கொண்டதாகி, 2014இன் ஐந்தாம் பதிப்பில் மீண்டும் ஆறு முகத்துக்கு வந்தது. 1981இன் அடிப்படைத் தொகுப்பிலோ எல்ஃப் என்பது ஓர் இனமாக மட்டும் நிற்காமல் வகுப்பாகவே வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே, பதிப்பைக் குறிப்பிடாமல் "விசார்டின் பகடை எது" என்று கேட்டால் ஒற்றை விடை கிடையாது.

இதற்கான தீர்வு, அடையாளத்தையும் வடிவத்தையும் இரண்டு அட்டவணைகளாகப் பிரிப்பதே. முதல் அட்டவணையில் வகுப்பின் அடையாள எண்ணும் பரவலாக அறியப்பட்ட பெயரும் மட்டும் இருக்க வேண்டும். இரண்டாவதில் அந்த வகுப்பு ஒவ்வொரு பதிப்பிலும் எடுத்த வடிவம் ஒரு வரிசையாக, அப்பதிப்பில் வழங்கிய பெயர், பகடை, கவசத் தகுதி, மந்திர ஆற்றல், நூல், பக்க எண் ஆகியவற்றோடு இடம்பெற வேண்டும்.

துணைவகுப்புகளுக்குத் தனி அட்டவணை போடவே பலருக்கும் கை போகும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், காரணம் அசாசின், அதாவது மறைந்திருந்து கொல்பவர். 1978இன் ஆட்டக்காரர் கையேட்டில் வகுப்பாக நின்ற அசாசின், 2000இல் நிபந்தனைகளை நிறைவேற்றிய பிறகே சேரக்கூடிய பிரெஸ்டீஜ் வகுப்பாக மாறி, 2014இல் ரோக் (திருட்டிலும் மறைந்து செயல்படுவதிலும் தேர்ந்தவர்) வகுப்பின் துணைவகுப்பாக அடங்கிவிட்டது. வகுப்புக்கும் துணைவகுப்புக்கும் வெவ்வேறு அட்டவணைகள் இருந்தால் இந்த ஒரே வரலாறு சிதறிப்போகும். எல்லா வடிவங்களையும் ஒரே அட்டவணையில் வைத்து, "வகை" என்றொரு புலமும் "தாய் வடிவம்" என்றொரு புலமும் சேர்த்துவிட்டால், முழு வகுப்புகளுக்குத் தாய்ப் புலம் காலியாக இருக்கும், துணைவகுப்புகளுக்கு அதில் தாயின் எண் இருக்கும். இதனால் இன்னொரு நன்மையும் உண்டு: 2014இன் ஃபைட்டருக்கு மந்திரம் கிடையாது, ஆனால் அதன் துணைவகுப்பான எல்ட்ரிச் நைட்டுக்கு உண்டு. கனத்த கவசத்தோடு மந்திரம் தேடுபவருக்கு, கவசத் தகுதியைத் தாயிடமிருந்தும் மந்திரத்தைத் துணைவகுப்பிலிருந்தும் எடுத்து, எல்ட்ரிச் நைட்டைக் காட்ட முடியும்.

பெயர் மாற்றங்களைச் சொல்ல, வடிவத்தையும் வடிவத்தையும் இணைக்கும் மூன்றாவது அட்டவணை ஒன்று வேண்டும். பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டின் முதல் பதிப்பில் பலாடின் (புனித வீரர்) என்று இருந்த வகுப்பு, 2019இன் இரண்டாம் பதிப்பில் சாம்பியன் ஆகி, பலாடின் அதன் உட்பிரிவுகளுள் ஒன்றாகச் சுருங்கியது. இதைப் பெயர்மாற்றம் என்பதா, இன்னொன்றுக்குள் அடங்கிவிட்டது என்பதா என்பது தொகுப்பாளரின் தீர்ப்பு. எனவே உறவின் வகையோடு, அப்படி முடிவெடுத்த காரணத்தையும் ஒரு வரியில் பதிந்துவைப்பது நல்லது.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் நான்காம் பதிப்பு மட்டுமே ஒவ்வொரு வகுப்புக்கும் தற்காப்பவர், தாக்குபவர், தலைவர், கட்டுப்படுத்துபவர் என்ற பொறுப்புகளுள் ஒன்றை வெளிப்படையாக வகுத்தது. ஒரு பதிப்புக்கு மட்டும் உரிய இத்தகைய தகவலுக்குப் புலம் ஒதுக்காமல் குறிச்சொல்லாகச் சேர்க்கலாம். குறிச்சொல் நூலிலிருந்து வந்ததா, தொகுப்பாளர் இட்டதா என்பதையும் குறித்தாக வேண்டும். "புதியவர்களுக்கு ஏற்றது" என்பது எந்த விதிநூலின் தீர்ப்பும் அல்ல.

திறன்களுக்கு ஓர் அட்டவணையும், அவற்றை வடிவத்தோடும் நிலையோடும் பிணைக்கும் இணைப்பு அட்டவணையும் தேவை. 2014இன் விதிகளில் கூடுதல் தாக்குதல் என்ற திறன் பார்பேரியன், ஃபைட்டர், மங்க், பலாடின், ரேஞ்சர் ஆகிய ஐந்துக்கும் 5ஆம் நிலையில் கிடைக்கிறது. ஆனால் ஃபைட்டருக்கு மட்டும் 11இல் மூன்று தாக்குதல்களாகவும் 20இல் நான்காகவும் உயர்கிறது. எனவே தாக்குதல் எண்ணிக்கை திறனின் வரிசையில் இருக்கக் கூடாது, இணைப்பு வரிசையில்தான் இருக்க வேண்டும். "இல்லை" என்பதையும் "இன்னும் பதியப்படவில்லை" என்பதையும் ஒரே காலியிடமாக விட்டுவிடவும் கூடாது.

இந்த அளவுத் தரவுக்கு எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருள் தாராளமாகப் போதும், அதன் எஃப்டிஎஸ்5 என்ற முழுவுரைத் தேடல் வசதியும் விரைவானது. ஆனால் தமிழில் விளக்கம் எழுதுபவர்கள் அதை அப்படியே பயன்படுத்தினால் ஏமாற்றமே மிஞ்சும். அதன் இயல்பான சொற்பிரிப்பான் எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் பகுதியாகக் கொள்கிறது. புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் யூனிகோடில் வேறு வகையில் அடங்குவதால், அவற்றை இடைவெளியாக எண்ணி, "மந்திரவாதி" என்ற சொல்லை மந, த, ரவ, த என்று நான்காகத் துண்டாடிவிடும். அட்டவணையை உருவாக்கும்போதே, சொற்பிரிப்பானுக்கான அமைப்பில் இந்தக் குறிகள் அடங்கும் எம்என் (Mn), எம்சி (Mc) என்ற இரண்டு யூனிகோடு வகைகளையும் சேர்த்துவிட்டால் சொல் முழுதாக நிற்கும்.

"கொ" போன்ற எழுத்துகளின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, தேடலில் மட்டும் அகப்படாது. அதனால் சேமிக்கும் உரையையும் தேடும் சொல்லையும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வேற்றுமை உருபுகளுக்கு முன்னொட்டுத் தேடல் (சொல்லின் தொடக்கத்தை மட்டும் கொடுத்துத் தேடுவது) ஓரளவு கைகொடுக்கும், ஆனால் தேடும் சொல்லின் இறுதிப் புள்ளியை நீக்கிய பிறகே. "வீரன்" என்று தேடினால் "வீரனுக்கு" கிடைக்காது, புள்ளி நீங்கிய "வீரன" என்பதற்குக் கிடைக்கும்.

மாற்றுப்பெயர்களுக்கும் தனி அட்டவணை வைத்துக்கொள்ள வேண்டும். பலாடின், பாலடின், பேலடின் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ஆங்கிலத்திலோ ரோக் என்பதன் இரண்டு எழுத்துகளை இடம்மாற்றி, கன்னத்துக்குப் பூசும் ரூஜ் ஆக்கிவிடும் பிழை ஆட்டக்காரர்களிடையே தீராத கேலிப்பொருள். இவை அனைத்தும் சரியான வரிசைக்கே கொண்டுசேர்க்க வேண்டும்.

உரிமம் குறித்தும் ஒவ்வொரு வரிசையிலும் பதிவு இருக்கட்டும். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வந்துவிட்டதால், மூலத்தைக் குறிப்பிட்டு அதன் உரையை எடுத்தாளலாம். ஆனால் அதில் பன்னிரண்டு வகுப்புகளுக்கும் ஒவ்வொரு துணைவகுப்பே உள்ளது. ரோக்குக்குத் தீஃப் மட்டும் இருக்கிறது, அசாசின் இல்லை. உரிமம் இல்லாதவற்றுக்குப் பெயர், நிலை, பக்க எண் ஆகியவற்றோடு சொந்த நடையில் ஒரு சுருக்கம் எழுதினால் போதும்.

தரவை உள்ளிடும்போது எளிய வகுப்புகளிலிருந்து தொடங்க வேண்டாம். விசார்ட், 1981இன் எல்ஃப், அசாசின், பலாடின், எல்ட்ரிச் நைட் ஆகியவற்றை எல்லாப் பதிப்புகளுக்கும் முதலில் நிரப்பி, தாளில் எழுதிய கேள்விகளை அவற்றின்மீது ஓட்டிப் பார்த்து, விடைகள் சரியாக வந்த பிறகு மற்றவற்றை ஏற்றலாம்.