சொனாட்டா வேறு, சொனாட்டா வடிவம் வேறு

மேற்கத்திய இசை படிக்கிறவர்கள் கிளாசிக்கல் காலத்தில் இடறுவது பெரும்பாலும் சொற்களில்தான். 'கிளாசிக்கல்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சில் பாக், ஷோபன் எல்லோரும் கிளாசிக்கல்தான். கிளாசிக்கல் காலம் என்றால் ஏறத்தாழ 1750 முதல் 1820 வரை மட்டும். ஹைடன், மோட்சார்ட், பேத்தோவன் வியன்னாவில் எழுதிய காலம். பாக் 1750இல் இறந்துவிட்டார், ஷோபன் பிறந்ததே 1810இல்.

அடுத்தது சொனாட்டா. அது ஓரிரு வாத்தியங்களுக்கு எழுதிய முழுப் படைப்பின் பெயர், வழக்கமாக மூன்று நான்கு பகுதிகள் இருக்கும். சொனாட்டா வடிவம் என்பது ஒரு பகுதிக்குள் இருக்கும் கட்டமைப்பு: முதலில் சுருதி நகரும், நடுவில் மெட்டுகள் வளரும், கடைசியில் தொடக்க சுருதிக்கே திரும்பும். அது ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும் சிம்பொனியிலும் வரும், நான்கு தந்தி வாத்தியங்களுக்கான ஸ்ட்ரிங் குவார்டெட்டிலும் வரும். சொனாட்டா என்று பெயர் இருந்தும் அது வராமலே போகலாம். துருக்கிய பாணி ரோண்டோவில் (ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரும் இசை) முடியும் மோட்சார்ட்டின் ஏ மேஜர் சொனாட்டாவில் ஒரு பகுதிகூட சொனாட்டா வடிவத்தில் இல்லை. முதல் பகுதி ஒரு மெட்டும் அதன் ஆறு மாறுபாடுகளும், நடுவில் மினுவெட் என்ற நடன இசை.

சரி, அந்த வடிவத்தை எப்படிக் கேட்பது? இங்கேதான் பெரிய தவறு. முதல் மெட்டு, இரண்டாம் மெட்டு என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். நம் கச்சேரியில் தம்புரா பிடித்த 'ச' கடைசி வரை அசையாது. அதில் பழகிய காது இங்கே 'ச' நகர்வதைக் கவனிப்பதே இல்லை. மேஜரில் (நம் சங்கராபரணம் போன்ற ஸ்வர வரிசை) தொடங்கும் இசையில் பழைய 'ப' புது 'ச' ஆகிவிடும். 'ச' நகர்ந்த பிறகு வேறு மெட்டே தேவையில்லை. ஹைடனின் 104ஆம் சிம்பொனியில், மெதுவான முன்னுரைக்குப் பின் டி மேஜரில் ('டி' ஸ்வரமே 'ச') வரும் அதே மெட்டு, ஏ மேஜரில் மறுபடி வருகிறது. மெட்டை மட்டும் தேடினால் குழம்பிவிடுவீர்கள். சுருதி நகர்ந்ததைக் கேட்டால் எல்லாம் விளங்கும். மைனரில் (நடபைரவி போன்ற வரிசை) தொடங்கினால் பயணம் பெரும்பாலும் 'க' நோக்கி. மோட்சார்ட்டின் 40ஆம் சிம்பொனி ஜி மைனரிலிருந்து பி ஃப்ளாட் மேஜருக்குப் போகிறது.

பிறகு வீடு திரும்பும் கட்டம். 'முதல் மெட்டு தொடக்க சுருதியிலேயே திரும்ப வரும்' என்று மனப்பாடம் செய்தவர்களை மோட்சார்ட் தொடக்கநிலையினருக்கென 1788இல் எழுதிய சி மேஜர் சொனாட்டாவே ஏமாற்றிவிடும். அதில் மெட்டு எஃப் மேஜரில் திரும்புகிறது. இரண்டாம் மெட்டு வரும்போதுதான் சி மேஜர் உறுதியாகிறது.

நடுவில் மெட்டுகளை வளர்க்கும் கட்டமான டெவலப்மென்டை மனோதர்மம் என்று நினைப்பதும் உண்டு. அது முழுக்க எழுதி வைத்த இசை. மனோதர்மத்துக்கான முக்கிய இடம், தனிக்கலைஞரும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் கன்சர்ட்டோவின் கடென்ஸா. ஆர்கெஸ்ட்ரா நிற்க, தனிக்கலைஞர் மட்டும் வாசிப்பார். மோட்சார்ட்டின் டி மைனர் பியானோ கன்சர்ட்டோவுக்கு அவர் எழுதிய கடென்ஸா எதுவும் நம்மிடம் இல்லை. பேத்தோவன் அதற்கு எழுதியதைத்தான் இன்றும் பலர் வாசிக்கிறார்கள்.