கோல்டு வாக்ஸ் மீடியத்தோடு ஆயில் பெயிண்ட்: தொடக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோல்டு வாக்ஸ் மீடியம் என்பது தேன்மெழுகைக் கரைப்பானில் குழைத்துச் செய்த பசை. சில தயாரிப்புகளில் கொஞ்சம் ரெசினும் (பிசின்) சேர்ந்திருக்கும். முகத்தில் தடவும் க்ரீம் மாதிரி மெத்தென்று இருக்கும் இதை ஆயில் பெயிண்டோடு கலந்தால் பெயிண்டின் பளபளப்பு அடங்கிவிடும், நிறத்துக்குள் லேசாக ஒளி ஊடுருவும், கத்தியால் இழுத்த தடம் இழுத்தபடியே நிற்கும். இந்த அழகைப் பார்த்துத்தான் பலரும் இதன் பக்கம் வருகிறார்கள். வந்த வேகத்தில் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றுதான்: இந்தக் கலவை எப்படி இறுகுகிறது என்று தெரிந்துகொள்ளாமலே வேலையில் இறங்கிவிடுவது.

கலவை இறுகுவதைத் தீர்மானிப்பவை மூன்று பொருள்கள். கரைப்பான் முதலில் ஆவியாகிப் போய்விடும். அதனால் ஓரிரு நாளிலேயே மேற்பரப்பு கெட்டிப்பட்ட மாதிரித் தெரியும். எண்ணெய், காற்றிலுள்ள ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு மெதுவாக இறுகும். அதற்கு வாரக்கணக்கில், கனமாகப் பூசியிருந்தால் மாதக்கணக்கில் ஆகும். மெழுகு இப்படி எந்த மாற்றமும் அடைவதில்லை. கரைப்பான் போனதும் அது பழையபடி மெழுகாகவே நிற்கும். எத்தனை வருடம் கழித்துக் கரைப்பான் பட்டாலும் இளகும், சூடு பட்டால் மென்மையாகும், 62 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகிவிடும்.

சூடு என்றதும் முதல் குழப்பத்தைச் சொல்லிவிட வேண்டும். மெழுகு என்றாலே உருக்க வேண்டும் என்று நினைத்து, சிலர் இதை அடுப்பில் வைக்கிறார்கள் அல்லது ஹீட் கன் காட்டுகிறார்கள். உருக்கிப் பூசுவது என்காஸ்டிக் என்ற வேறு முறை. ரோமானியர் ஆட்சிக்கால எகிப்தின் ஃபாயும் மம்மி முகச்சித்திரங்கள் பல அந்த முறையில் வரைந்தவை. கோல்டு வாக்ஸில் இருக்கும் கரைப்பானின் ஆவி தீப்பிடிக்கக்கூடியது, மூச்சுக்கும் நல்லதல்ல. இதற்குச் சூடே வேண்டாம், அதனால்தான் இந்தப் பெயர்.

அடுத்தது அளவு. கண்ணளவில் அள்ளிப் போட்டு, ஒரு அடுக்கில் மெழுகு கூட, அடுத்ததில் குறைய என்று போகிறவர்கள் அதிகம். வழக்கமான கலவை பெயிண்ட் பாதி, மெழுகு பாதி. கண்ணாடிப் பேலட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே அளவுக் குவியலாக வைத்து, பேலட் கத்தியால் மடித்து மடித்து, வெள்ளைக் கீற்று ஒன்றுகூடத் தெரியாத வரை குழையுங்கள். கீற்று விட்டுப்போன இடத்தில் நிறமில்லாத மெழுகு மட்டும் தங்கி, காய்ந்த பிறகு புகைபடிந்த திட்டாகத் தெரியும். அன்றைக்கு வேண்டிய நிறங்களை மொத்தமாகக் குழைத்து வைத்துக்கொண்டால் நடுவில் அளவு மாறாது. மெழுகு நிறமியின் அடர்த்தியைக் குறைப்பதால், நிரப்பிகள் அதிகம் கலந்த மலிவான பெயிண்ட் இங்கே சீக்கிரம் வெளுத்துப்போகும். பத்து மலிவான ட்யூப்களைவிட நல்ல ட்யூப் நான்கு போதும் என்பது என் கட்சி. ட்யூபிலிருந்து எண்ணெய் தனியாக வழிகிறதா? பெயிண்டைக் கொஞ்ச நேரம் டிஷ்யூ தாளில் வைத்து எண்ணெயை உறிஞ்சவிட்டுப் பிறகு கலக்குங்கள்.

இவ்வளவு மெழுகு சேர்ந்த பெயிண்டை இழுத்துக் கட்டிய கேன்வாஸில் பூசுவது அடுத்த தவறு. கேன்வாஸ் வளையும், அதிரும். மெழுகு அதற்கு ஈடுகொடுக்காமல் வெடிக்கும், சில இடங்களில் உரியும். கலவையில் மெழுகு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் வளையாத மரப் பேனல்தான் சரி. ஸ்க்வீஜியை (பெயிண்டைப் பரப்பி இழுக்கும் ரப்பர் விளிம்புக் கருவி) அழுத்தி இழுக்கவும், கீறவும், சுரண்டவும் பேனலே வசதி. ஜெஸ்ஸோ (பெயிண்ட் நன்றாகப் பிடிக்க முதலில் பூசும் அடிப்பூச்சு) பூசிய பேனல் போதும். அடியில் அக்ரிலிக் வண்ணம் இருக்கலாம், தொல்லையில்லை. ஆனால் எண்ணெய்-மெழுகு அடுக்கின் மேல் அக்ரிலிக் பூசினால் ஒட்டாது. வெறும் காகிதத்தில் நேரடியாகப் பூசவும் வேண்டாம், எண்ணெய் நாளடைவில் காகித நாரை அரித்துவிடும்.

இந்த முறையின் உயிரே அடுக்குகளில் இருக்கிறது. புதியவர்கள் தடுக்கி விழுவதும் அங்கேதான். ஒரே நாளில் கனமாக அப்பி முடித்துவிட்டு, மேல்தோல் கெட்டிப்பட்டதைப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். போனது கரைப்பான் மட்டும்தான்; உள்ளே எண்ணெய் இன்னும் ஈரம். முதல் சில அடுக்குகள் மெல்லியதாக இருக்கட்டும். அடுத்த அடுக்குக்கு நேரம் வந்துவிட்டதா என்று பார்க்க, கையுறை போட்ட விரலை ஓரமாக ஓர் இடத்தில் அழுத்திப் பாருங்கள். விரலில் நிறம் ஒட்டிக்கொண்டு வந்தால் பொறுக்க வேண்டும். லேசான பிசுபிசுப்பு மட்டும் இருந்து நிறம் வராமல் போனால் அதுதான் நல்ல பதம்: மேலே புதிய அடுக்கை இழுக்கலாம், கூரான குச்சியால் கீறிக் கீழ் நிறத்தை எட்டிப்பார்க்க வைக்கலாம். அந்தப் பதமும் தாண்டிக் கெட்டியாகிவிட்டால் கீறும்போது கோடு சுத்தமாக விழாமல் துகள் துகளாக உதிரும். அப்போது துணியில் கொஞ்சம் கரைப்பான் தொட்டுத் துடைத்தால் மேல் அடுக்கு கரைந்து கீழே இருப்பது தெரியும். மெழுகின் பலவீனமே இங்கே ஒரு கருவியாகிவிடுகிறது.

காயும் வேகம் நிறமியைப் பொறுத்தும் மாறும். அம்பர் (umber) என்ற பழுப்பு போன்ற மண் நிறங்களில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் காயும். ஐவரி பிளாக், காட்மியம் நிறங்கள் மெதுவாகக் காயும். அடித்தளம் முழுவதையும் ஐவரி பிளாக்கில் கனமாகப் பூசிவிட்டு, மறுநாளே மேலே கட்ட ஆரம்பிப்பது வம்பை விலைக்கு வாங்குவதுதான். அவசரமென்றால், ஆயில் பெயிண்டைச் சீக்கிரம் காயவைக்கும் அல்கைட் மீடியம் சிறிது சேர்க்கலாம்.

நிறம் சேறாவது பற்றி எல்லோரும் புலம்புவார்கள். ஈரமான ஆரஞ்சின் மேல் ஈரமான நீலத்தை ஸ்க்வீஜியால் இழுத்தால் சாம்பலும் பழுப்பும்தான் வரும், அதற்கு மெழுகு என்ன செய்யும்? ஒரு நாள் வேலையில் ஒன்றுக்கொன்று நெருங்கிய நிறங்களை மட்டும் எடுங்கள்; எதிர் நிறத்தை, அடி அடுக்கு பதமான பிறகு கொண்டுவாருங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு ஸ்க்வீஜியின் விளிம்பைத் துடைக்க வேண்டும். இந்தச் சின்ன வேலையைச் சோம்பலில் விட்டுவிடுவதால் கெட்டுப்போகும் படங்கள்தான் அதிகம்.

அப்புறம், கருவி மோகம். வலை, நெளி அட்டை, உருளை, கசக்கிய தாள் என எல்லாவற்றையும் ஒரே படத்தில் அழுத்தி எடுத்தால் அது சாம்பிள் அட்டையாகத்தான் நிற்கும். கண்ணுக்கு ஓய்வு தரும் ஓர் அமைதியான பரப்பும் வேண்டும். மணலோ கரித்தூளோ காய்ந்த நிறமிப் பொடியோ கலப்பவர்கள் முகக்கவசம் போடாமல் டப்பாவைத் திறக்கக்கூடாது; காட்மியம், கோபால்ட் பொடிகளை மூச்சில் இழுப்பது விளையாட்டல்ல. ஜன்னல் திறந்திருக்கட்டும், கையுறை இருக்கட்டும். ஆயில் பெயிண்டில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணிகளைக் கசக்கிக் குவியலாகப் போட்டால் எண்ணெய் ஆக்ஸிஜனோடு வினைபுரியும் சூடு உள்ளேயே தங்கி, நெருப்பே வைக்காமல் துணி தானாகப் பற்றிக்கொள்ளும். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள உலோக டப்பாவில் போட்டு வையுங்கள்.

படம் முடிந்ததும் பழக்கத்தில் வார்னிஷை எடுக்காதீர்கள். கரைப்பான் கலந்த வார்னிஷ் மெழுகை இளக்கி, தூரிகையோடு நிறத்தையும் இழுத்துவிடும். நன்றாக இறுகிய பிறகு மென்மையான பருத்தித் துணியால் தேய்த்தாலே மெல்லிய மினுமினுப்பு வரும், அது போதும். வெயில் அடிக்கும் சுவரும், பூட்டி வெயிலில் நிறுத்திய காரும் இந்தப் படங்களுக்கு ஆகாது. இரண்டு படங்களை முகத்தோடு முகம் சாய்த்து வைத்தால் ஒட்டிக்கொள்ளும். பார்சல் கட்டும்போது பபிள் ராப்பை நேரடியாகப் படத்தின் மேல் சுற்றினால் வட்ட வட்டமாகத் தடம் பதிந்துவிடும்; முதலில் சிலிகான் பூசிய வழவழப்பான தாள் ஒன்றை வைத்து, அதற்கு மேல் சுற்றுங்கள், குமிழிகள் வெளிப்பக்கம் இருக்கட்டும்.