குழாய் நீரில் கறுப்புத் துகள்கள்: என் அனுபவம்

சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில், அரிசி களைந்த பாத்திரத்தில் கறுப்புத் துகள்கள் மிதக்கத் தொடங்கின. சமையலறைக் குழாயில் மட்டும்தான். குளியலறை நீர் தெளிவாக இருந்தது.

மொட்டைமாடித் தொட்டிதான் காரணம் என்றார் மாமியார். அதே தொட்டி நீரைக் குடிக்கும் பக்கத்து வீட்டில் துகளே இல்லை. கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் நியூவாட்டர் மீதும் பழி விழுந்தது. அது பெரும்பாலும் தொழிற்சாலைகளுக்குப் போகிறது; வறட்சியில் நீர்த்தேக்கத்தில் கலந்தாலும் மறுபடி சுத்திகரிக்கப்பட்டே வீட்டுக்கு வரும். குழாய் முனைச் சல்லடையைக் கழுவினேன். மறுநாளே மீண்டும் துகள்கள். வாங்கி மாட்டிய வடிகட்டி விரைவில் கறுத்ததுதான் மிச்சம்.

பிடிபட்டது இப்படித்தான்: துகளை விரல்களுக்கிடையே தேய்த்தேன். மணலோ துருவோ நெருடும். இது கண்மையைப் போல இழுபட்டது. அப்படியானால் ரப்பர். கைப்பிடியைச் சுடுநீர்ப் பக்கம் திருப்பினால் துகள்கள் கூடின.

கழுவுதொட்டிக்கு அடியில் அடைப்பானை மூடி, சுடுநீர் இணைப்புக் குழாயைக் கழற்றினேன். வெளியே எஃகுப் பின்னல் பளபளத்தது. உள்ளே ரப்பர் உறை பிசுபிசுவென்று உரிந்திருந்தது. கிருமிநீக்கத்துக்காக இங்குள்ள நீரில் சேர்க்கப்படும் குளோரமைன் சிலவகை ரப்பரை நாளடைவில் அரிக்கும்; சூடு அதை விரைவுபடுத்தும். நீர் குற்றவாளி அல்ல, மலிவான ரப்பர்தான்.

குளிர்நீர்ப் பக்கத்தையும் சேர்த்து, குளோரமைனைத் தாங்கும் உட்குழாய் கொண்டவையாக இரண்டையும் மாற்றினேன். சல்லடையைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் நீரை ஓடவிட்டேன். அதன்பின் ஒரு துகள்கூட இல்லை. அப்பாடா!