குளத்து நீர் தெளிய ஒரு கட்டுக் கங்கோங்

வீட்டு முற்றத்து மீன் குளம் பச்சையாகிவிட்டால், இரவுச் சந்தையில் வாங்கிய கங்கோங் கீரையின் (நீரில் வளரும் வள்ளைக்கீரை) இலைகளைச் சமையலுக்குக் கிள்ளிக்கொண்டு, கணுக்கள் உள்ள தண்டுகளைத் துளையுள்ள பிளாஸ்டிக் கூடையில் செருகி நீரில் மிதக்க விடுங்கள். சில நாள்களில் வேர் பிடித்துவிடும்.

பச்சை நிறத்துக்குக் காரணம் நுண்பாசி. மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீவனத்திலிருந்தும் உண்டாகும் அம்மோனியா, நைட்ரேட் போன்ற சத்துகளும் ஆண்டு முழுவதும் குறையாத நம் மலேசிய நாட்டு வெயிலும் அதை வளர்க்கின்றன. கங்கோங் அச்சத்துகளை உறிஞ்சுவதோடு, தழைத்தபின் நிழலும் தருவதால் பாசி மெல்லக் குறைகிறது. ஆனால் பலரும் மறந்துவிடுவது ஒன்று உண்டு: தழையை அவ்வப்போது அறுத்து வெளியே எடுக்காவிட்டால், அது அழுகி, உறிஞ்சிய சத்தை நீருக்கே திருப்பிவிடும்.

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில், அடைமழைக்குப் பின் செம்மண் கரைந்து நீர் பழுப்பாகக் கலங்கினால் இம்முறை உதவாது. கரை மண் சரியாதபடி கல் அடுக்குவதே அதற்கு வழி. திலாப்பியாவும் கொய் மீனும் வேரைத் தின்றுவிடும் என்பதால் கூடையைச் சுற்றி வலை கட்ட வேண்டும். மீனுக்கு மருந்து கலந்த குளத்துக் கீரையைச் சமைக்கவே கூடாது.