ஆள் வராத நாளையும் எண்ணுங்கள்: எஸ்கியூஎல்லில் வருகை அறிக்கை

திருகோணமலை உப்புவெளியில் அக்கா நடத்தும் ஆறு அறை விடுதியின் இணையத்தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மாதம் பிறந்தால் அவர் கேட்கும் கேள்வி ஒன்றே: "தம்பி, தளத்துக்கு ஆட்கள் கூடியிருக்கிறார்களா, குறைந்திருக்கிறார்களா?" ஆரம்பத்தில் சென்ற மாதத்தோடு ஒப்பிட்டு ஓர் எண்ணைச் சொல்லித் தப்பித்துக்கொள்வேன். செப்டெம்பரை விட நவம்பரில் குறைந்துவிட்டது என்று ஒருமுறை சொன்னபோது, "மழைக் காலத்தில் குறையாமல் என்ன செய்யும்?" என்று திருப்பிக் கேட்டார். திருகோணமலைக் கடல் அமைதியாக இருப்பது மே முதல் செப்டெம்பர் வரை. பிறகு வடகீழ்ப் பருவமழை. நிலாவெளிப் படகுகள் கரையேறிவிடும் மாதத்தைப் புறாத்தீவுக்கு வரிசை நிற்கும் மாதத்தோடு ஒப்பிட்டது என் மடைமை.

அதன்பிறகு ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னிடம் இருப்பது மைஎஸ்கியூஎல் 8.0 தரவுத்தளம். அதனிடம் கேள்வி கேட்கும் மொழிதான் எஸ்கியூஎல்; ஒவ்வொரு கேள்வியும் ஒரு வினவல். கட்டளைச் சொற்களை ஒலிப்பது போலவே தமிழில் தருகிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். 'வருகை' என்ற அட்டவணையில் ஒவ்வொரு பக்கத் திறப்புக்கும் ஒரு நிரை (கிடைவரிசை) விழுகிறது. நேரம், ஆள், பக்கம், உலாவி என நான்கு நிரல்கள் (நெடுவரிசைகள்). 'ஆள்' என்பது குக்கியில், அதாவது வருபவரின் உலாவியில் தளம் விட்டுவைக்கும் சிறு குறிப்பில், வைத்த எண். பெயரோ மின்னஞ்சலோ இல்லை, தேவையும் இல்லை.

முதல் வினவல் இது; நாளுக்கு எத்தனை வெவ்வேறு ஆட்கள் என்று கேட்கிறது:

செலக்ட் டேட்(கன்வேர்ட்_டீஇசட்(நேரம், '+00:00', '+05:30')) அஸ் நாள்,
கவுண்ட்(டிஸ்டிங்ட் ஆள்) அஸ் ஆட்கள்
ஃப்ரம் வருகை
வெயர் நேரம் >= '2025-04-30 18:30' அண்ட் நேரம் < '2025-05-31 18:30'
குரூப் பை நாள்

மே மாத அறிக்கைக்கு ஏப்ரல் 30 மாலை ஆறரை எங்கிருந்து வந்தது? சேவர் நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். இதைக் கவனிக்காமல் நான் பட்டது ஒரு சிவராத்திரியில். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி பற்றி விடுதித் தளத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. 2025 பெப்ரவரி 26 இரவு ஊரே விழித்திருந்தது. நள்ளிரவு தாண்டி அந்தப் பக்கத்தைத் திறந்தவர்கள் எல்லாரும் 27ஆம் திகதியில் விழவேண்டும். என் அறிக்கையிலோ விடிகாலை ஐந்தரை மணி வரை வந்தவர்கள் 26இல் போய்க் குந்தியிருந்தார்கள். நேர வலயத்தை ஊர்ப் பெயரால் கொடுக்கலாமே என்று தோன்றும். அதற்குரிய வலய அட்டவணைகள் சேவரில் ஏற்றப்படாவிட்டால் விடை 'நல்' (மதிப்பே இல்லை என்பதற்கான குறி) என்று வரும்; எல்லா நிரைகளும் பெயரில்லாத ஒரே நாளுக்குள் குவிந்துவிடும். நம் நாட்டில் கோடைக்கால நேரமாற்றம் கிடையாது, '+05:30' போதும்.

மாத முடிவுக்குப் பிட்வீன் (இதிலிருந்து இதுவரை என்னும் நிபந்தனை) போடாததும் காரணத்தோடுதான். 'மே 31 வரை' என்று திகதியை மட்டும் கொடுத்தால் அது 31ஆம் திகதி பிறக்கும் நொடியோடு நின்றுவிடும். அன்றைய பகல் முழுவதும் வெளியே.

இன்னொரு பொறி: நாள் வாரியான ஆட்களைக் கூட்டி மாத ஆட்கள் என்று சொல்லாதீர்கள். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அறை வாடகையைப் பார்த்துப் பார்த்து யோசித்தவர் கூட்டலில் மூவர், மாதத்தில் ஒருவர். மாதத்துக்குத் தனி வினவல் எழுதுங்கள்.

தேடுபொறி ரோபோக்களைக் கழிப்பது எளிது. உலாவி நிரலில் 'பொட்' என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் இருக்கிறதா என்று லைக் (எழுத்துக்குள் சொல்லைத் தேடும் நிபந்தனை) கொண்டு பார்த்தால் பெரும்பாலானவை அகப்படும். வேடமிட்டு வருபவை தப்பும். நான் ரோபோ, உள்ளூர்நாள் இரண்டையும் அட்டவணையிலேயே தனி நிரல்களாகச் சேர்த்துவிட்டேன். பதிவு விழும்போதே நிரம்பிவிடுகின்றன.

இனித்தான் முக்கியமான இடம். மேலே உள்ள வினவலில் யாருமே வராத நாள் பூச்சியம் என்று வராது, வரவே வராது. டிசெம்பர் அடைமழையில் இரண்டு நாள் காலியாகப் போனால் 9க்கு அடுத்து 12 நிற்கும், வரைபடம் அந்தப் பள்ளத்தை மூடி நேர்கோடு இழுத்துவிடும். எனவே எல்லாத் திகதியும் கொண்ட 'நாட்காட்டி' அட்டவணை ஒன்று வேண்டும். ஒரு நாளிலிருந்து அடுத்த நாளை உருவாக்கிச் சுற்றிச் சுற்றி ஓடும் வித் ரிக்கர்சிவ் கொண்டு ஒரே வினவலில் உருவாக்கலாம். ஆனால் இயல்பான அமைப்பில் அது 1000 சுற்றைத் தாண்டினால் பிழை காட்டி நின்றுவிடும். மூன்று ஆண்டுகூடத் தேறாது. ஓர் ஆண்டுக்கு ஒருமுறையாக நிரப்புங்கள். பிறகு நாட்காட்டியின் எல்லா நாளையும் வைத்துக்கொண்டு, வருகை இருந்தால் மட்டும் அதோடு சேர்ப்பது (லெஃப்ட் ஜொயின்) இப்படி:

செலக்ட் நாட்காட்டி.நாள், கவுண்ட்(டிஸ்டிங்ட் வருகை.ஆள்) அஸ் ஆட்கள்
ஃப்ரம் நாட்காட்டி லெஃப்ட் ஜொயின் வருகை
ஒன் வருகை.உள்ளூர்நாள் = நாட்காட்டி.நாள் அண்ட் வருகை.ரோபோ = 0
வெயர் நாட்காட்டி.நாள் >= '2025-05-01' அண்ட் நாட்காட்டி.நாள் < '2025-06-01'
குரூப் பை நாட்காட்டி.நாள்

இரண்டு இடத்தில் கை தவறும். ரோபோ நிபந்தனையை வெயர் பக்கம் தள்ளினால் காலி நாட்கள் மறுபடி மறைந்துவிடும்; ஆளில்லாத நிரையில் ரோபோ நிரல் 'நல்' என்று இருப்பதால் நிபந்தனையில் தேறாது. கவுண்ட்டுக்குள் நட்சத்திரக் குறி போட்டால் காலி நாளுக்கும் ஒன்று என்று எண்ணிவிடும், அந்த வெற்று நிரையையும் ஒரு நிரையாகக் கொள்வதால்.

பூச்சியமும் நல்லும் ஒன்றல்ல என்பதை என் பிழையால்தான் படித்தேன். தளத்தின் முகப்பை அழகுபடுத்தப்போய், வருகையைப் பதியும் வரியை அழித்துவிட்டேன். பதினொரு நாள் கழித்தே கண்டேன். அந்த நாட்களில் ஆட்கள் வந்தார்கள், பதிவுதான் இல்லை. அதைப் பூச்சியம் என்று காட்டுவது பொய்க்கணக்கு. நாட்காட்டியில் 'பதிவு' என்றொரு நிரல் வைத்து, அந்த நாட்களுக்கு 0 இட்டு, கேஸ் வென் (இப்படியானால் இது என்னும் கட்டளை) மூலம் ஆட்களின் எண்ணை 'நல்' என்று மாற்றினேன். சராசரி எடுக்கும் ஏவிஜி, நல்லை ஒதுக்கிவிட்டுக் கணக்கிடும், பூச்சியத்தைச் சேர்த்துக்கொள்ளும். வேண்டியதும் அதுவே.

போக்கைக் காட்ட ஏழு நாள் சராசரி நல்லது. ஏழு நாளில் ஒவ்வொரு கிழமையும் ஒருமுறை வந்துவிடுவதால் வார இறுதி மேடுகள் சமப்படும்:

ஏவிஜி(ஆட்கள்) ஓவர் (ஓர்டர் பை நாள் ரோஸ் பிட்வீன் 6 பிரிசீடிங் அண்ட் கரண்ட் ரோ)

இது நாளை எண்ணாது, இந்த நிரையும் முந்திய ஆறும் என்று நிரையை எண்ணும். காலி நாட்கள் விடுபட்டிருந்தால் 'ஏழு நாள்' என்பது பத்து நாளாகிவிடும். நாட்காட்டி இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

சென்ற ஆண்டின் அதே மாதத்தை எடுக்க, மாத வாரி விடையின் மேல் லேக்(ஆட்கள், 12) ஓவர் (ஓர்டர் பை மாதம்); பன்னிரண்டு நிரைக்கு முந்திய எண்ணை அது எடுத்துத் தரும். இதுவும் நிரைக் கணக்கே. ஒரு மாதம் விடுபட்டால் மே மாதம் ஏப்ரலோடு மோதும். எண்கள் சரியாக வந்த பிறகும் ஒரு கண் இருக்கட்டும். சிவராத்திரி 2024இல் மார்ச் 8, 2025இல் பெப்ரவரி 26. பெப்ரவரி ஏறியது, மார்ச் இறங்கியது என்று அறிக்கை சொன்னால் விழா நகர்ந்ததையும் பாருங்கள். அதற்காகவே நாட்காட்டியில் 'குறிப்பு' என்ற நிரலும் வைத்திருக்கிறேன். போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களும் அதில் உண்டு. சதவீதம் மட்டும் போடுவதில்லை. நான்கு பேர் எட்டுப் பேரானால் அது 'நூறு வீத வளர்ச்சி' என்று தலைக்கேறிவிடும்.

அக்காவுக்கு இப்போது மூன்று நிரல்கள் அனுப்புகிறேன்: மாதம், இந்த ஆண்டு, சென்ற ஆண்டு. அவர் அதைத் தன் முன்பதிவுக் கொப்பியில் ஒட்டி, பக்கத்தில் நிறைந்த அறைகளின் எண்ணிக்கையை நான்காவது நிரலாகப் பேனாவால் எழுதிக்கொள்கிறார். அந்த நிரலையும் தரவுத்தளத்தில் ஏற்றுவோம் என்று இரண்டு முறை கேட்டுவிட்டேன். கொப்பியைத் தரமாட்டேன் என்கிறார்.