சுண்டலுக்குத் தலை சாய்ந்தபோது

எங்கள் முயல் சுண்டலுக்கு அப்போது 3 வயது, எடை 1.8 கிலோ. ஒருநாள் காலையில் கூண்டைத் திறந்தால் தலை வலப்பக்கமாகத் திருகிக்கொண்டு நிற்கிறது. ஒரு கண் கூரையைப் பார்க்கிறது, இன்னொன்று தரையை. விழிகள் பழைய டைப்ரைட்டர் மாதிரி மெல்ல ஒரு பக்கம் போய், வெடுக்கென்று திரும்பின. தூக்கியதும் கையிலேயே உருள ஆரம்பித்துவிட்டது.

மாமியார் சுளுக்கு எடுக்கிறேன் என்று விளக்கெண்ணெயோடு வந்தார். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். கோளாறு கழுத்தில் இல்லை. மூளையிலோ உட்காதிலோ இருக்கிறது. தலையைப் பிடித்து நேராக்கினால் தலைசுற்றல் கூடி இன்னும் மிரளும்.

முதலில் போன இடத்தில் "பிழைக்காது, ஊசி போட்டு முடித்துவிடலாம்" என்றார்கள். ஒத்துக்கொள்ளாமல், முயல் பார்த்துப் பழகிய வேறொரு மருத்துவரிடம் போனோம். காதுக்குள் சீழ் இருக்கிறதா என்றுதான் அவர் முதலில் பார்த்தார். காதுத் தொற்று என்றால் வாரக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் வேண்டும். (அமாக்ஸிசிலினை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் குடல் கெட்டு உயிரே போகலாம். யாராவது எழுதிக் கொடுத்தால் கேள்வி கேளுங்கள்.) சுண்டலுக்குக் காது சுத்தமாக இருந்தது. ஈ. குனிகுலி என்ற ஒட்டுண்ணியாக இருக்கும் என்று ஃபென்பெண்டசோல் என்ற மருந்தைக் கொடுத்தார்: கிலோவுக்கு 20 மில்லிகிராம், தினம் ஒருமுறை, 28 நாள். இவனுக்கு 36 மில்லிகிராம். பாட்டிலுக்குப் பாட்டில் வீரியம் மாறும்; மில்லிக்கு எவ்வளவு என்று லேபிளைப் பார்த்து, அளவை மருத்துவரிடம் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கூண்டை ஓரம் கட்டிவிட்டு அகலமான அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்தேன். அடியில் வழுக்காத மிதியடி, மேலே பழைய காட்டன் புடவை, இரண்டு பக்கமும் சுருட்டிய துண்டு. உருளப் பார்த்தால் துண்டு தாங்கிக்கொள்ளும். இரவில் விடிவிளக்கு எரியட்டும். தூக்கும்போது மார்போடு அணைத்து, மெதுவாக.

சரி, உயிரைக் காப்பது சாப்பாடுதான். 12 மணி நேரம் எதுவும் தின்னாவிட்டால் முயலின் குடல் நின்றுபோகலாம், அது அவசர நிலை. பெல்லட்டை (கடையில் விற்கும் முயல் தீவனம்) வெந்நீரில் ஊறவைத்து, தோசைமாவுப் பதத்தில் கரைத்து, வடிகட்டுங்கள். வடிகட்டாவிட்டால் சிரிஞ்ச் அடைத்துக்கொள்ளும், அடுத்த அழுத்தில் உங்கள் சட்டைமேல் பீய்ச்சும். முயலைத் துண்டில் சுற்றி நிமிர்த்தி உட்காரவைத்து, ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்சை முன்பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில் பக்கவாட்டில் நுழைத்துவிடுங்கள். ஒரு மில்லி, மென்று விழுங்கட்டும், அப்புறம் அடுத்த மில்லி. படுத்த வாக்கில் கொடுத்தால் நுரையீரலுக்குப் போய்விடும். வேளைக்கு 15 மில்லி, நாளுக்கு 6 வேளை கொடுத்தேன். வயிறு பலூன் மாதிரி விறைத்திருந்தால் ஊட்டாமல் மருத்துவரிடம் ஓடுங்கள். நான்காம் நாள் வாய்க்கு நேரே கொத்தமல்லித் தண்டை நீட்டினேன். இழுத்துக்கொண்டான். தலைகீழாகக் கிடந்துகொண்டே ஒரு கட்டு காலி! கீரையை ஈரத்தோடே கொடுத்தால் தண்ணீரும் உள்ளே போகும்.

கீழ்ப்பக்கக் கண் தரையில் உரசிப் புண்ணாகும். அதற்கு மருத்துவர் தரும் களிம்பு வேண்டும். குனிந்து பின்பக்கம் நக்க முடியாததால் மென்புழுக்கை ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் வெயிலுக்கு ஈ மொய்த்து ஒரே நாளில் புழு வைத்துவிடும். காலையும் மாலையும் ஈரத்துணியால் துடைத்து, உலர்த்திவிடுங்கள்.

ஒட்டுண்ணியின் வித்துகள் சிறுநீரில் வெளியேறும். துணிகளைக் கொதிநீரில் போட்டேன், தரையை பிளீச்சிங் கரைசலால் துடைத்தேன். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் வீட்டில் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் விடாதீர்கள்.

உருளல் நிற்க ஒன்பது நாள் ஆனது. சாய்வு முழுசாகப் போகவில்லை. தட்டுக்கு நேரே ஓடி வந்தாலும் இரண்டு அங்குலம் தள்ளித்தான் நிற்கிறான். நான் தட்டை நகர்த்தி வைத்துவிட்டேன்.