ஸ்ட்ரிங் பயிற்சிகளில் செய்யக்கூடாத தவறுகள்

பைத்தான் நிரல்மொழி படிக்கத் தொடங்கியதும் வரும் பயிற்சிகளில் ஒன்று, ஒரு சொல்லை வாங்கி வெட்டி, ஒட்டி, திருப்பிப் போடுவது. இதில் பலர் சறுக்குவது, ஒரு ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்து தரும் கட்டளை) எதைத் திருப்பித் தருகிறது என்று பார்க்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுவதால்தான்.

பைத்தானில் உருவான ஸ்ட்ரிங், அதாவது எழுத்துகளின் தொடர், மாறவே மாறாது. ஒன்றை எடுத்து இன்னொன்றைப் போடும் ரீப்ளேஸ், இருபுற இடைவெளியை நீக்கும் ஸ்ட்ரிப், பெரிய எழுத்தாக்கும் அப்பர் எல்லாமே புதிய ஸ்ட்ரிங்கைத்தான் தரும். பழையது அப்படியே இருக்கும். ஸ்ட்ரிப்பை அழைத்துவிட்டு விடையை வேரியபிளில் வாங்காமல் விட்டால் எர்ரரும் வராது, இடைவெளியும் போகாது.

பயனர் தட்டுவதை வாங்கும் இன்புட் தருவதும் ஸ்ட்ரிங்தான். 5, 3 என்று வாங்கிக் கூட்டினால் 8 வராது, 53 வரும். இன்ட் போட்டு எண்ணாக்கிவிட்டுக் கூட்டுங்கள்.

தேடும் எழுத்து எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஃபைண்ட் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். தேடியது கிடைக்காவிட்டால் அது -1 தரும். பைத்தானில் -1 என்பது கடைசி எழுத்தின் இடமும்கூட. மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்கு முன்னால் இருப்பதை வெட்டி எடுக்கிறீர்கள். யாரோ @ இல்லாமல் உள்ளிடுகிறார். அப்போது கடைசி எழுத்து மட்டும் காணாமல் போய், மிச்சம் சரியான விடை மாதிரியே வந்து நிற்கும். இந்த இடத்தில், அதே போலத் தேடும் இன்டெக்ஸ் நல்லது: கிடைக்கவில்லை என்றால் எர்ரர் கொடுத்து நிறுத்திவிடும். தவறான விடையை விட எர்ரர் எவ்வளவோ மேல்.

அப்புறம், தமிழ். 'விகடகவி' இருபுறமும் ஒன்றாகவே வாசிக்கப்படும் சொல். ஆனால் வழக்கமான முறையில் திருப்பி ஒப்பிட்டால் பைத்தான் 'இல்லை' என்கிறது. நமக்கு அது 5 எழுத்து. நீளத்தைச் சொல்லும் லென்னிடம் கேட்டால் 7 வரும். எழுத்துகளுக்குக் குறியீடு தரும் முறையான யூனிகோடில் 'வி' என்பது 'வ', அதன் பின் கொக்கி என இரண்டு குறியீடுகள். திருப்பும்போது கொக்கி முன்னால் வந்துவிடுகிறது. நிரலில் பிழை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். எழுத்தைப் பிரிக்கும் விதத்தை மாற்றுங்கள். பைத்தானுடன் வரும் யூனிகோட்டேட்டா மாட்யூலில் உள்ள, குறியீட்டின் வகையைச் சொல்லும் கேட்டகரி ஃபங்ஷனிடம் ஒவ்வொரு குறியீட்டையும் கொடுங்கள். 'எம்' என்று தொடங்கும் வகை வந்தால் அது கொக்கியோ காலோ புள்ளியோதான். அதை முந்தைய எழுத்தோடு சேர்த்துப் பட்டியலில் போடுங்கள். அந்தப் பட்டியலைத் திருப்பினால் 'விகடகவி' சரியாக வரும்.